மூணாற்றில் பறந்த தகர விமானம்

என் தங்கை மகள் நித்யா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடுகிற போர் விமானச் சண்டை ஒன்றை இப்போது அவளும் அவள் கூட்டாளிகளும் செய்துகொண்டிருக்கிறார்கள். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் எருத்தேன்பதிக்கு வந்தாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு பிடியைக் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க மாமா" என்றாள். மூன்று தடவை தரையில் மோதினேன். நான்காவது தடவை எதிரி விமானத்தின் வாலைப் பிடித்துவிட்டேன். அது இடப்பக்கம் திரும்பியது. நானும் முழங்கால் வலியை மறந்து நாற்காலியோடு இடப்பக்கம் சாய்ந்தேன்.

நித்யா கைகொட்டிச் சிரித்தாள். "எல்லாருமே இப்படித்தானுங்க மாமா சாயறாங்க. நாங்க பரிசோதனை பண்ணறப்பப் புதுசாக் கண்டுபிடிச்சோம்."

"புதுசா? போ கண்ணு. நான் மீசை அரும்புன வயசுலயே இதையப் பாத்தாச்சு."

அவள் நம்பவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் டிவி வருவதற்கு முன்பே விமானச் சண்டை விளையாட்டு இருந்தது, அதை மாமா செய்தார் என்றால் யார்தான் நம்புவார்கள்? சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. கடைசியில், "எங்க டீமுக்கு எழுதிக் கொடுங்க மாமா, ப்ளீஸ்" என்று பேனாவை என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன். விமானச் சண்டையைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று அந்தக் கம்பெனிப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொள்ளட்டும்.

நான் செய்த வேலைக்குச் சரியான பெயர் இல்லை. பொருட்காட்சி மெக்கானிக் சின்னச்சாமி என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ராட்டினம், மரணக்கிணறு, வளையம் எறிதல், துப்பாக்கிச் சுடுதல் எல்லாம் நடத்துகிற கூட்டத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் திரிந்தேன். கடைசிப் பத்து வருஷம் வெளிநாட்டு வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்த்தேன். அதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. போர்டு போனால் வேறு போர்டு மாட்டு, அவ்வளவுதான். எழுபதுகளில் செய்த அந்த ஒரு பெட்டி வேறு சங்கதி. அதன் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு எருத்தேன்பதியில் நிலக்கடலைக் காடு. அப்பா முழு விவசாயி. நான் கோயம்புத்தூரில் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு வந்தபோது, "காட்டுல மோட்டாரு ஓடலீன்னா பாக்கறதுக்கு ஆகும்" என்று அந்தப் படிப்புக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பொருட்காட்சி வந்தது. அவர்களுடைய ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது என்று ஆள் தேடினார்கள். போய்ச் சரி செய்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி எங்க கூடவே வந்தர்றீங்களா?" என்றார். அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்பா அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலாளி பெயர் ஆறுச்சாமி. டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டிய ஆள். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் காயாத சந்தனப் பொட்டு. எந்த மெஷினைத் தொடுவதானாலும் முதலில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. ராட்டினத்தின் அச்சுக்கு, மரணக்கிணற்று மோட்டார்சைக்கிளுக்கு, ஜெனரேட்டருக்கு, எல்லாவற்றுக்கும் காலையில் பொட்டு வைத்தால்தான் சுவிட்ச் போடலாம்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்கள் குழம்பிப்போவார்கள். எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கூட்டுகிற ஆளைக்கூட. கோபம் வந்தால் அந்த மரியாதை இரண்டு மடங்காகிவிடும். "ஐயா தாங்க எந்திரிச்சாச்சுங்களா?" என்று கேட்டார் என்றால் அன்றைக்கு நமக்குக் கிரகம் சரியில்லை. அவர் "டேய்" என்று கூப்பிட்டது ஒரே ஒருவரைத்தான். ராட்டினம் ஓட்டுகிற கிட்டான் அண்ணன், டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து அவரோடு இருந்தவர். "டேய் கிட்டா" என்று அவர் கூப்பிடும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். திட்டு வாங்குவதற்குப் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விமானப் பெட்டி அவருடைய யோசனை. எழுபத்தொன்றாம் வருஷத்துப் போர் முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. கொட்டகையில் படத்துக்கு முன்னால் காட்டுகிற செய்திப்படத்தில் சண்டை விமானம் வந்தால் ஜனங்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்களாம். "பாக்கறதுக்கே அப்படி நிக்கறாங்களே, உள்ள உக்கார வெச்சா எப்படீங் தம்பி இருக்கும்?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை நாங்கள் இரண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுவதும் பொள்ளாச்சிக் கிடங்கில் உட்கார்ந்து செய்தோம்.

ஆள் உயரத்துக்கு ஒரு பலகைப் பெட்டி. முன்னால் பழைய பஸ்ஸின் டிரைவர் சீட்டு. அதன் முன் உடைந்துபோன ஜீப்பின் கியர் கம்பி. உட்காருகிறவருக்கு எதிரே ஒரு பால் கண்ணாடி. உள்ளே இரண்டு உருளைகளுக்கு நடுவில் மலை, ஆறு, வயல் எல்லாம் வரைந்த மெல்லிய துணி சுழலும். பின்னாலிருந்து விளக்கு அடித்தால் கண்ணாடியில் பூமி கீழே ஓடுவதுபோல் தெரியும். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கம்பிக் கை. அதன் நுனியில் உள்ளங்கை அகலத்தில் தகரத்தில் வெட்டிய எதிரி விமானம். அதன் நிழல்தான் கண்ணாடியில் பறக்கும்.

கியர் கம்பியை அசைத்தால் சைக்கிள் பிரேக் கம்பி வழியாக உள்ளே ஒரு சின்ன விளக்கு திரும்பும். அதுதான் துப்பாக்கி. கண்ணாடியில் ஒரு சிலுவைக் குறி அதோடு சேர்ந்து நகரும். குறியை விமானத்தின் மேல் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒரு வெட்டு வெட்டும். தகர விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒரு பித்தளைக் குப்பி, அதற்குள் பட்டாணி அளவு ஒளிக்கண். வெளிச்சம் நேராக அந்தக் கண்ணில் விழுந்தால் ரிலே என்கிற மின்காந்தச் சுவிட்ச் 'டக்' என்னும், மணி அடிக்கும், விமானம் தலைகுப்புறச் சாயும். பிறகு தானாக எழுந்து மறுபடி பறக்கும். நித்யா, உங்கள் கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் இதேதான். குறி, நிழல், மணி.

முதல் தடவை கொழிஞ்சாம்பாறையில் ஓட்டினோம். என் ஊர்ப் பக்கம் என்பதால் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வரிசையாக மணி அடித்தான். விமானம் ஒரே தடத்தில் சுற்றுகிறது, அவன் எண்ணி வைத்துக்கொண்டான். கூட்டம் சிரித்தது. முதலாளி என்னிடம் வந்து, "தாங்க செஞ்சு குடுத்தது விமானமுங்களா, செக்கு மாடுங்களா?" என்று கேட்டார். இரட்டை மரியாதை.

வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரியிடம் ஓடினேன். கோணல்மாணலாக இரண்டு மரத்தட்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் சேர்ந்து கம்பிக் கையைத் தள்ளும். சுற்றும் நேரம் இரண்டுக்கும் வேறு வேறு என்பதால் விமானம் எப்போது ஏறும், எப்போது முங்கும் என்று எனக்கே தெரியாது. மாட்டிவிட்டு முதலில் உட்கார்ந்தவர் முதலாளிதான். அதன் பின்னால் அலைந்து அலைந்து, வேட்டி கட்டிய பெரிய மனிதர் சீட்டில் இடமும் வலமும் சாய்ந்ததைப் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் நான் அந்தச் சாய்தலைக் கண்டுபிடித்தேன்.

பெட்டிக்குப் பின்கதவு உண்டு. பூட்டியே இருக்கும். சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில். அதற்கு மேல் கறுப்புத் துணி வேறு. "உள்ள பாத்தவன் மறுக்கா உக்கார மாட்டானுங்க தம்பி. தகரத்தச் சுடறதுக்கு எவன் வருவான்?" என்பார். சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் அறைக்குள் யாரையும் விடாத பழக்கம் அது. நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். காலையில் சாவி வாங்கி, உள்ளே மோட்டாருக்கும் உருளைக்கும் தீக்குச்சி நுனியால் பொட்டு வைத்து, துடைத்து, பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் பெட்டி எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்ததே தவிர, நம்பிக்கையாக ஓடவில்லை. பல்பு போகும், துணி கிழியும், பிரேக் கம்பி அறும். ஊருக்கு ஊர் இரண்டு நாள் ஓடினால் மூன்று நாள் படுத்துக்கொள்ளும். உடுமலைப்பேட்டையில் கூடாரம் பிரிக்கிற அன்று முதலாளி நிதானமாகச் சொன்னார். "அடுத்தது மூணாறுங்க. அங்க நின்னா நிக்குதுங்க. இல்லீன்னா பலகையக் கழட்டி வளையக் கடைக்குப் போட்டர்லாமுங்க. தம்பியும் ஊட்டுக்குப் போயி அப்பாவுக்கு ஒத்தாசையா இருங்க." மறையூர் வழியாக லாரி மலை ஏறும்போது மேலே பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டு வந்தேன். யானை வரும் சாலை என்று மற்றவர்கள் பயந்தார்கள். எனக்கு நிலக்கடலைக் காட்டை நினைத்துத்தான் பயம்.

மூணாற்றின் ஈரம் எனக்குப் புதிது. காலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே பனி முத்து முத்தாக நிற்கும். மலை வரைந்த துணி ஈரம் குடித்துத் தொய்ந்து, மலையெல்லாம் உட்கார்ந்துவிடும். கரியடுப்பு வைத்து உலர்த்தி, உருளையை இழுத்துக் கட்டி, ஒரு வழியாக ஓட வைத்தேன். தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வந்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் சமவெளியில் கண்டதில்லை. மணி அடிக்க அடிக்கக் கூடாரம் குலுங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சூரியநெல்லித் தோட்டத்து லாரியில் முத்துமாரி வந்தாள். கொழுந்து எடுக்கிற பெண். கூட வந்த பெண்கள் ராட்டினத்துக்குப் போக, இவள் மட்டும் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துணிந்து உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்தில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் கியர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். மற்றவர்கள் எல்லாம் விமானத்தைத் துரத்துவார்கள். இவள் துரத்தவில்லை. அது வரப்போகிற இடத்தில் குறியை வைத்துக் காத்திருந்தாள். மணி மேல் மணி.

"எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்கையில கையப் பாத்துக்கிட்டா எடுப்பாங்க? கை இந்தச் செடியில இருக்கும், கண்ணு அடுத்த செடிக்குப் போயிருக்கும். அம்புட்டுத்தாண்ணே."

லாரி டிரைவர் செல்லையா அங்கே நின்றிருந்தான். அந்தத் தோட்டத்தில் அவன் ராஜா. ஞாயிறு சாயங்காலம் கடைவீதியிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகிற லாரி அவனுடையது. முன் சீட்டில் அவன் கூட்டாளிகள் உட்கார்ந்து வருவார்கள். பெண்கள் பின்னால் அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவில், தூறலில் நின்றுகொண்டே போவார்கள்.

"ஏதோ குருட்டாம்போக்குல அடிச்சிட்ட. விமானம் ஓட்டுறதுக்கு வண்டி ஓட்டுன கை வேணும் புள்ள," என்றான் செல்லையா.

முத்துமாரி சீட்டிலிருந்து இறங்காமலேயே திரும்பினாள். "அப்ப அடுத்த வாரம் ஆடிப் பாப்பமா? நான் தோத்தா ஒரு மாசம் உங்க லாரியக் கழுவுறேன். நீங்க தோத்தா முன் சீட்டு எங்களுக்கு. செல்லத்தாயி அக்கா கால் வீங்கிப்போயி நிக்க முடியாம வருது, பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

கூட்டம் ஓ போட்டது. செல்லையாவால் பின்வாங்க முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் மூணாறு கடைவீதியில் இதே பேச்சு. டிரைவர்களும் ஃபேக்டரி ஆட்களும் ஒரு கட்சி. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு கட்சி. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம பெட்டி படுத்துச்சுன்னா ரெண்டு கட்சியும் சேந்து நம்மளப் படுக்க வெச்சுருமுங்க" என்றார். வாரம் முழுவதும் நான் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கூடாரத்துக்குள் நிற்க இடமில்லை. அன்றைக்குப் பொட்டு வைக்கிற வேலையை முதலாளி என்னிடம் விடவில்லை. பெரிய கூட்டம், கண் படும் என்று அவரே பின்கதவுக்குள் போனார். சந்தனத்தைக் குழைத்து மோட்டாருக்கு, உருளைக்கு, கடைசியில் தகர விமானத்தின் மூக்குக்கும் ஒரு பொட்டு. கட்டைவிரல் அகலம். எலுமிச்சை சுற்றிப்போட்டுவிட்டுப் பூட்டினார். நான் வெளியே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததுதான்.

முதலில் செல்லையா. வண்டி ஓட்டுகிற கை என்று அவன் சொன்னது வெறும் பேச்சில்லை, நன்றாகவே ஆடினான். ஏழு தடவை மணி அடித்தது. ஃபேக்டரிக் கட்சி அவனைத் தூக்கிக்கொண்டது. அடுத்து முத்துமாரி. உட்கார்ந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் தடவை சுட்டதுமே மணி. இரண்டாவது மணி. இந்த வேகத்தில் போனால் பத்தைத் தாண்டுவாள்.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

அவள் குறி தப்பவில்லை. சிலுவை நேராக விமானத்தின் நடுவில் உட்காருகிறது, விளக்கு வெட்டுகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். விமானம் பாட்டுக்குப் போகிறது. மறுபடி சுட்டாள். மறுபடி. ஆட்டம் முடிந்து விளக்கு அணைந்தபோது அவள் கணக்கு இரண்டுதான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பெட்டிக்காரன் டிரைவர்கிட்ட வாங்கித் தின்னுட்டான்" என்றது. பெண்கள் கட்சி முன்னால் வந்தது. யாரோ கூடாரக் கம்பைப் பிடுங்கினார்கள். "ஒடைங்கடி அத" என்றாள் ஒருத்தி.

முத்துமாரி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அண்ணே, நான் அடிச்சனா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

அடித்தாள். எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் என் பேச்சை யார் கேட்பார்கள்? பெட்டிதான் சொல்ல வேண்டும்.

பழுது பார்க்க முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று உண்டு. சினிமா ஆபரேட்டர் முறை. சத்தத்திலிருந்து தொடங்கி வெளிச்சத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் நடுவில் கை வைக்கக் கூடாது. நான் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் திறந்தேன். முதலில் மணி. இரண்டு கம்பியைத் தொட வைத்தேன், அடித்தது. கூட்டம் கொஞ்சம் அமைதியானது. அடுத்து ரிலே. விரலால் அழுத்தினேன், 'டக்' என்றது, மணியும் அடித்தது. அடுத்து துப்பாக்கி விளக்கு. முத்துமாரியைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன், கண்ணாடியில் வெட்டியது. மணி சரி, ரிலே சரி, விளக்கு சரி. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. விமானத்தின் வயிற்றில் இருக்கிற கண். அதைப் பார்க்கப் பின்கதவைத் திறக்க வேண்டும்.

"மொதலாளி, சாவி வேணுங்க," என்றேன்.

அவர் முகம் மாறியது. என் காதருகே குனிந்து, "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத் தொறக்கலாமுங்களா?" என்றார்.

அது பெண்கள் காதில் விழுந்துவிட்டது. "வெளிய அனுப்பிட்டு உள்ளுக்குள்ள என்ன செய்யப் போறீங்க? எங்க கண்ணு முன்னால தொறங்க, இல்ல நாங்க தொறக்குறோம்." கூடாரக் கம்பு இப்போது பெட்டிக்கு அரை முழத்தில் இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இத்தனை நாள் கறுப்புத் துணி போட்டுக் காத்த ரகசியம். திறந்தால் ஊரே தகரத்தைப் பார்க்கும். திறக்காவிட்டால் பெட்டியே இருக்காது. எப்படிப் பார்த்தாலும் நான் கடலைக் காட்டுக்குத்தான் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். கறுப்புத் துணியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார்.

கதவு திறந்தது. முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கம்பிக் கையைப் பிடித்து விமானத்தைத் திருப்பினேன். பித்தளைக் குப்பி நிறையச் சந்தனம்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சமவெளியில் என்றால் விளக்குச் சூட்டில் அந்தப் பொட்டு காய்ந்து, வெடித்து, தூளாக உதிர்ந்திருக்கும். மூணாற்றில் அது காயவே இல்லை. தகரத்தில் கோத்திருந்த பனி நீர் துளித்துளியாக வழிந்து, மூக்கில் இருந்த பொட்டைக் கரைத்து, மெதுவாக வயிற்றுக்கு இறக்கியிருக்கிறது. செல்லையா ஆடுகிற வரை அது வந்து சேரவில்லை. முத்துமாரியின் இரண்டாவது மணிக்குப் பிறகு கண்ணை மூடிவிட்டது. வெளிச்சம் சந்தனத்தில் பட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

விரலில் அந்தச் சந்தனத்தோடு நின்றேன். சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் முதலாளியைக் காட்டிக்கொடுப்பதா? அவரே என் விரலைப் பிடித்துக் கூட்டத்துக்கு நேரே உயர்த்தினார்.

"இந்தப் புள்ள அடிச்சதெல்லாம் அடிச்சதுதானுங்க. தப்பு என்னோடதுங்க. கண்ணு படக் கூடாதுன்னு நாந்தானுங்க பொட்டு வெச்சேன். அது எறங்கி வந்து கண்ணையே மறச்சுப்போட்டுதுங்க."

பிறகு செல்லத்தாயி அக்கா, வீங்கிய காலோடு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அதிலிருந்து கூடாரம் முழுவதும் பற்றிக்கொண்டது. கம்பைப் பிடித்திருந்தவளே சிரித்தாள்.

செல்லையாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மறுபடி ஆடட்டும். மொதல்ல இருந்து. கதவு தொறந்தே இருக்கட்டும்," என்றான். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கண்ணைத் துடைத்தேன். முன்னால் பாதிக் கூட்டம், பின்னால் பாதிக் கூட்டம். பின்னால் நின்றவர்களுக்கு அந்த ஆட்டம் வேறு மாதிரி தெரிந்தது. மரத்தட்டு இரண்டும் உருள்கின்றன, துணி மலை ஓடுகிறது, கம்பி நுனியில் தகரம் ஏறி இறங்குகிறது. விளக்கு வெட்டும்போது தகரம் சாய்வதை அவர்கள் நேராகப் பார்த்தார்கள். "இந்தா விழுந்துட்டு, இந்தா விழுந்துட்டு" என்று முன்னால் இருப்பவர்களுக்குச் சேதி சொன்னார்கள். ஐந்து, ஆறு. செல்லையா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். ஏழு. அடுத்த தடவை விமானம் கண்ணாடியின் ஓரத்துக்கு முங்கியது. முத்துமாரி அதைப் பார்க்கவே இல்லை. எதிர் ஓரத்தில் குறியை வைத்துக் காத்திருந்தாள். வந்தது. எட்டு.

என்ன சத்தம் அது! நான் முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். செல்லையா வெளியே போய் லாரியின் முன்கதவைத் திறந்து வைத்தான். பெண்கள் செல்லத்தாயி அக்காவைத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். ஏறியதும் அவர் செய்த முதல் வேலை ஹாரனை அமுக்கியதுதான்.

கூட்டம் லாரிப் பக்கம் போய்விட்டது. பெட்டி திறந்தபடி கிடந்தது. முதலாளி கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டாங்க தம்பி. இனி அவ்வளவுதானுங்க," என்றார். ஜெயித்துவிட்டோம், ஆனால் பெட்டி போய்விட்டது.

அப்போது முத்துமாரி பின்பக்கம் வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். தகர விமானத்தை ஒரு விரலால் தொட்டாள். அது ஆடியது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

முதலாளி தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள், சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கியர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். வெளியே லாரி ஹாரன் விடாமல் அலறியது.

"அக்கா ஹாரன விட்டு எறங்குற வரைக்கும் லாரி கெளம்பாது. இன்னொரு ஆட்டம் விடுங்கண்ணே."

"அதான் தகரமுன்னு பாத்துட்டீங்களேம்மா," என்றார் முதலாளி.

"பாத்தா என்ன? இங்க உக்காந்தா பறக்குதுல்ல."

முதலாளி மடித்த துணியைக் கீழே போட்டார். என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"டேய் சின்னச்சாமி, நின்னுட்டு என்னடா பாக்கற? லைட்டப் போடுறா."

போட்டேன்.